மேடையில் கேட்ட நலம்

அம்மாவுக்கு ஹெர்மினியாவின் வணக்கம். நீங்களும் தம்பியும் ஆடுகளும் சுகந்தானா? உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் சாந்தியாகோவில் நன்றாகவே இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே நகராட்சி நம் மப்புச்சே இனத்தின் புத்தாண்டைக் கொண்டாடியது. நம்மவர்கள் நலம் விசாரிக்கும் முறையைச் செய்துகாட்ட என்னையும் செகுந்தோ என்ற பெரியவரையும் மேடையேற்றினார்கள். இரண்டு நிமிடம்தான் என்றார்கள். அவரோ மழை, ஆடு, மாமன் என்று நம் வழக்கப்படி நிதானமாகக் கேட்டு, உங்களைப் பற்றிய கேள்விக்கு வந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

"கடைசியா எப்போ கடிதாசி வந்துச்சு?"

"மார்ச்சுல."

"இப்போ ஜூன். அப்புறம் எப்படிம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்றே?"

அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். "எவ்வளவு அழகா நடிச்சாங்க, கைதட்டுங்க."

எல்லோரும் தட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றிலிருந்து, வேலை செய்யும் வீட்டில் கழுவிய தட்டையே திரும்பக் கழுவுகிறேன்.

இங்கே கிடைக்கும் மிளகாய்ப்பொடியில் காரமே இல்லை. நம் வீட்டுப்பொடி கொஞ்சம் பேருந்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டம்மா கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

பொட்டலத்தின்மேல் முகவரியை மட்டும் நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். தம்பி எழுத வேண்டாம்.

உங்கள் மகள்,
ஹெர்மினியா