டீக்கடைக்குப் போன நீலக் கேன்

அபி அப்பாவுக்கு,

கலியம்மாள் எழுதிக்கிறது. போனை எடுக்கலைன்னா விட்டுடுவேன்னு நினைச்சீங்களா? மாரியம்மாள் அக்கா மகன் இளம்பரிதி இன்னைக்கு உங்க ஊருக்கு பஸ் ஏறறான். அவன் கையிலே இதைக் கொடுத்து விடறேன். நானும் அபியும் நல்லாத்தான் இருக்கோம், சண்டை போட ஆள் இல்லாததுதான் குறை. உங்க தொப்பை அங்கே சௌக்கியமா?

பண்ருட்டிப் பலா வந்தாச்சு, நம்ம பிளாக்லே தெரு பூரா வாசனை. கொஞ்சம் சுளையும் கொடுத்திருக்கேன். இளம்பரிதி வழியிலே தின்னாம கொண்டாந்து சேர்த்தா உங்க அதிர்ஷ்டம்.

நேத்து போன்லே பாதியிலே விட்டதை முழுசாச் சொல்றேன். லீவுலே வந்தப்போ, நீங்க காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற யுனிவர்சிட்டி லேப்லே சும்மா கிடந்துதுன்னு ஒரு நீலக் கேனைத் தோள்லே தூக்கிக்கினு வந்தீங்களே, தாய்மாமன் சீர் கொண்டாந்த மாதிரி. மைன்ஸ்லேருந்து காலி கிரீஸ் வாளியைக் கொண்டாந்து, தேய்ச்சுக் கழுவி, குளிக்கத் தண்ணி பிடிச்சு வச்சுக்கிற ஆளுங்கதானே நாம. இங்கே எந்த வீட்டு பாத்ரூம்லே அந்த வாளி இல்லே? இதுவும் அப்படித்தான்னு நானும் நல்லா சோப்புத்தூள் போட்டுக் கழுவி, போன வாரம் தண்ணி பிடிச்சு வச்சேன். மறுநாள் திறந்தா பெயின்ட் கடை வாடை. நாங்க குடிக்கலே, பயப்படாதீங்க. வீணாக்குவானேன்னு செம்பருத்திக்கு ஊத்தினேன். நீங்க சமைச்சதைத் தின்ன மாதிரி செடி சுருண்டு போச்சு.

அபி காலேஜ்லே கெமிஸ்ட்ரி படிக்கிறவ இல்லையா, கேன்லே கிழிஞ்ச ஸ்டிக்கரைப் பார்த்ததும் கத்திட்டா. பசங்க சோதனை பண்ணி மிஞ்சின கெமிக்கலை ஊத்தி வைக்கிற கேனாம். அதை எடுக்கத் தனி வண்டி வருமாம். எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக்குள்ளே ஊறினது போகாதாம். அதனாலே காலிக் கேனும் அந்த வண்டியிலேதான் போகணுமாம். அப்போதான் எனக்கு இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. இதே மாதிரி ரெண்டு கேனை யுனிவர்சிட்டி வாசலுக்கு எதிர்லே தங்கராசு டீக்கடைக்குக் கொடுத்ததாவும், அவர் அதுலேதான் டீக்குத் தண்ணி பிடிச்சு வைக்கிறதாவும் பெருமையடிச்சீங்களே.

அதைச் சொன்னதுக்குத்தான் நேத்து, "வாயை மூடுடி, வெளியே தெரிஞ்சா காண்ட்ராக்ட் போயிடும்"னு சொல்லிக் கட் பண்ணிட்டீங்க. உங்க பயம் எனக்குப் புரியாம இல்லே. மைன்ஸ் வேலை போய், வீட்டிலே உட்கார்ந்து என் சமையலுக்குக் குறை சொல்லிக்கினு இருந்தீங்களே, அதை மறுபடி நான் மட்டும் தாங்குவேனா?

ஆனா முதல்லே கடைக்குப் போங்க. ரெண்டு கேனையும் வாங்கிக்கினு, இதுலே இனிமே தண்ணி வைக்கக் கூடாதுன்னு தங்கராசுகிட்டே நேராவே சொல்லுங்க. அப்படியே லேப் திலகவதி மேடத்துக்கிட்டே போய், கழுவினாப் போதும்னு நினைச்சேன், யாரும் சொல்லித் தரலேன்னு சொல்லுங்க. அது நிஜந்தானே. அவங்களுக்கு நானே போன் பண்றேன்னு அபி நிக்கிறா. உங்க அப்பா வாயாலேயே சொல்லட்டும்டின்னு நாளைக் காலை வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கேன். அதுக்கு மேலே அவ என் பேச்சைக் கேட்க மாட்டா, எனக்கும் நிறுத்த மனசு வராது.

இங்கே இருக்கிற கேனை மூடி இறுக்கித் தனியா வச்சிருக்கேன். மிச்சத் தண்ணியைச் சாக்கடையிலேகூட ஊத்தக் கூடாதாம். எப்படித் திருப்பி அனுப்பறதுன்னு மேடத்துக்கிட்டே கேளுங்க. பஸ்லே மடியிலே வச்சுக்கினு வந்துடறேன்னேன், அபி தலையிலே அடிச்சுக்கினா.

வேலை போனா வாங்க. முந்திரி உடைக்கப் போகலாம், நீங்க உடைக்கிறதைவிடத் தின்றதுதான் அதிகமா இருக்கும்.

சாமி உங்களை நல்லா வச்சிருக்கணும், தங்கராசு குடும்பத்தையும். ஒண்ணு மட்டும் எழுத வேணாம்னுதான் இவ்வளவு நேரம் வளவளன்னு இழுத்தேன். அந்தக் கடையிலே தினமும் முதல் டீ குடிக்கிறவர் யாருன்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் குடிக்காதீங்க.

உங்க,
கலியம்மாள்