நான்கு ஆறான பட்டியல்

தண்டையார்பேட்டை
3.4.2005

நவ்ரீனின் அத்தாவுக்கு சாபிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பிள்ளையும் நலம். அங்கே உங்கள் உடம்பும் வேலையும் குறைவில்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். நவ்ரீனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள் எதற்குப் பேனாவைத் தேடுகிறாள் என்று நினைப்பீர்கள். அந்த இயந்திரத்தில் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அதில் வைப்பது இப்போதெல்லாம் வைத்தபடி இருப்பதில்லை. தவிர, நான் யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவளே அதைத் திறந்து படித்துவிடலாம். அத்தாவுல்லா பாய் புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறார். கவரை நன்றாக ஒட்டி அவரிடம் கொடுக்கிறேன்.

நீங்கள் ஜனவரியில் புறப்பட்டபோது கம்ப்யூட்டர் எப்படி ஓடியது என்று உங்களுக்கே தெரியும். தெருவில் இதைவிட வேகமான கம்ப்யூட்டர் கிடையாது என்று எல்லோரிடமும் சொல்வீர்கள். மார்ச் பாதியிலிருந்து அது திடீரென்று நீலத் திரையைக் காட்டி நின்றுவிடுகிறது. ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் அழிந்துபோய், மறுபடி முதலிலிருந்து அடித்தோம். காலையில் ஒரு தொல்லையும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு நான் நவ்ரீனுக்குச் சோறு ஊட்ட வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதற்குள் ஏதாவது ஆகியிருக்கிறது. அந்த நேரத்தில் கடையில் மாயா மட்டும்தான்.

மாயாவை நீங்கள்தான் வேலைக்கு வைத்தீர்கள். எம்.கே.பி. நகர் பீம்ராவ் அண்ணனின் மகள், தமிழும் இங்கிலீஷும் வேகமாக அடிப்பவள், இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நேரம் தவறி வந்தவள் இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும்கா, அதுவா நின்னுடுது" என்பதோடு முடித்துக்கொள்கிறாள். கண்ணைப் பார்த்துச் சொல்வதில்லை. எதிர் வரிசையில் புதிதாக ஒரு டைப்பிங் சென்டர் திறந்திருக்கிறார்கள். அங்கே ஆள் தேடுகிறார்களாம்.

இப்போது பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது வீடு போன ராயபுரம் குடும்பங்களின் பட்டியல். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் ரேஷன் கார்டு எண். குடியிருப்பு ஒதுக்குவதற்காக மீனவர் சங்கத்துக்காரர்கள் அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். மாயா மூன்று நாளில் முடித்தாள். வியாழன் சாயங்காலம் அவள் திரையைப் பார்த்து வாசிக்க, நான் கையெழுத்துத் தாளில் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். ஒரு எண்கூடத் தப்பு இல்லை. நாளைக்குச் சங்கத் தலைப்பைச் சேர்த்து அச்செடுக்க வேண்டும்.

போனில் பேசும்போது உங்கள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இதெல்லாம் பேச முடியவில்லை. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காக இருக்கும்,
சாபிரா


24.4.2005

நவ்ரீனின் அத்தா அவர்களுக்கு சலாம்.

போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சங்கத்திலிருந்து நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். பின்னால் சிவந்தி என்று ஒரு பெண். அலையில் மாமியாரையும் வீட்டையும் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டகையில் இருப்பவள். எங்கள் பட்டியலில் அவள் கார்டு எண் ஐநூற்றுப் பதினாறு என்று முடிகிறது. அவள் கையில் உள்ள கார்டில் ஐநூற்றுப் பதினான்கு. பதினாறு வேறு யாருடையதோ. அதனால் வீடு ஒதுக்கும் ஆபீஸில் அவள் பெயரை நீக்கிவிட்டார்கள். இன்னும் மூன்று குடும்பங்களுக்கும் இதே கதி.

சிவந்தி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கார்டை மேஜைமேல் வைத்து, "பாயம்மா, முந்நூறு பேர்ல எங்க வூட்டு நம்பர் மட்டும் எப்பிடி மாறும்? யாருக்குக் குடுக்கறதுக்காவ மாத்துனீங்க, அத்த மட்டும் சொல்லிடு" என்றாள். கூட வந்த ஒருவர், யார் அடித்தது, எந்த ஊர்ப் பெண், யாரிடம் கை நீட்டினாள் என்று மாயாவைப் பார்த்தே கேட்டார். எம்.கே.பி. நகர் என்றதும், அந்தப் பக்கத்து ஆள் என்றால் வேறென்ன என்பதுபோல அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நான் அவரை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

என் கணக்கு இது. வியாழன் சாயங்காலம் நானே பார்த்தேன், எண்கள் சரி. திங்கள் மதியம் அச்செடுத்தபோது மாறியிருக்கிறது. நடுவில் அந்தக் கோப்பைத் திறந்தவள் அவள் ஒருத்திதான். கடைச் சாவியில் ஒன்று அவளிடம் இருக்கிறது. வேறு என்ன நினைப்பது?

அன்று போனில் உங்களிடம் கேட்டேன், போகும் முன் கம்ப்யூட்டரில் எதையாவது மாற்றினீர்களா என்று. எதையும் தொடவில்லை என்றீர்கள். அந்தப் பெண்மேல் ஒரு கண் வை, முதலில் சாவியை வாங்கு என்றீர்கள். மறுநாளே வாங்கிவிட்டேன். மாயா, "அக்கா, ரெண்டு பேரும் ஒண்ணாதானே குந்திப் படிச்சோம்" என்று மட்டும் கேட்டாள். பிறகு வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். அது சீக்கிரம் வரவில்லை, நகம் உடைந்தது. மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் டிபன் பாக்ஸ் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

அவள் போன பிறகும் கம்ப்யூட்டர் நிற்கிறது. இன்று மட்டும் இரண்டு முறை. போவதற்கு முன் உள்ளே ஏதோ செய்து வைத்திருக்கிறாள் என்று தோன்றுகிறது. ராயபுரத்தில் லியோனார்ட் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறாராம். வரச் சொல்லியிருக்கிறேன். அவரையும் கூடவே இருந்துதான் பார்க்க வேண்டும். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களாமே.

சாபிரா


15.5.2005

அஸ்ஸலாமு அலைக்கும்.

நவ்ரீனுக்கு வேர்க்குரு. மற்றபடி நலம்.

லியோனார்ட் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தடித்து வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தார். அவர் மூடியைத் திறந்ததும், மெமரிப் பட்டையில் ஒட்டியிருந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "எழுதிக்கோக்கா, நல்லதுதான்" என்றார்.

அவர் வருவதற்கு முன்பே நான் ஒரு வேலை செய்திருந்தேன். மாயாவின் குற்றத்தைச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும் என்று, கையெழுத்துத் தாளையும் அச்சையும் வைத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரியையும் ஒத்துப்பார்த்தேன். நான்கு இல்லை, பதினோரு எண்கள் மாறியிருந்தன. சிவப்பு மையில் சுழித்தேன். நான்கு இருந்த இடத்தில் ஆறு. ஒன்று இருந்த இடத்தில் மூன்று. ஐந்து ஏழாகியிருந்தது. எட்டு இருக்க வேண்டிய ஓர் இடத்தில் எண்ணே இல்லை, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி. மாறிய எண் எல்லாமே சரியாக இரண்டு கூடியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு மாற்றுகிறவள் எதற்குப் புள்ளி வைக்கப்போகிறாள்?

அந்தத் தாளை லியோனார்டிடம் காட்டினேன். "இது மன்சன் செஞ்ச வேலை இல்லக்கா" என்றார். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வோர் எழுத்தும் எட்டு சின்ன விளக்குகள் போல இருக்குமாம். அதில் ஒரே ஒரு விளக்கு தப்பாக எரிந்தால் நான்கு ஆறாகும், எட்டு அந்த இரண்டு புள்ளியாகும். மெமரி தடுமாறுகிறது என்றார்.

பிறகு ஒரு ஃபிளாப்பியைப் போட்டு மெமரியைச் சோதிக்க விட்டார். பதினோரு மணிவரை சுத்தமாக ஓடியது. வெயில் ஏறி, கூரைச் சிமெண்ட் ஷீட் சுட ஆரம்பித்ததும் திரையில் சிவப்பு வரிகள் விழத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. அந்தத் திரையின் மேல்மூலையைக் காட்டி லியோனார்ட் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த மெமரிக்குக் கம்பெனிக்காரன் சொன்ன வேகம் நானூறு. இது நானூத்தி அறுவதுல ஓடிகினு கீது. யாரோ வேகத்த ஏத்தி, அதுக்குத் தாங்கணும்னு வோல்டேஜையும் ஏத்தி வெச்சிக்கிறாங்க. டிசம்பர் குளுர்ல ஓடும். இந்தச் சூட்டுல எப்பிடிக்கா ஓடும்?"

வேகத்தைக் குறைக்க, கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே வரும் அந்த முதல் திரைக்குள் போக வேண்டுமாம். அது பாஸ்வேர்ட் கேட்டது. உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றிப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும், பாஸ்வேர்டும் போய்விடும் என்றார். நான் வேண்டாம் என்றேன். பூட்டியது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்போதும் மாயா என்றுதான் நினைத்தேன் என்றால் நம்புவீர்களா?

மாயா பெயரைப் போட்டேன். இல்லை. நவ்ரீன் பெயர், கடைப் பெயர். மூன்று தடவை தப்பாகி கம்ப்யூட்டர் நின்றது. மறுபடி போட்டோம். உங்கள் பெயரும் இல்லை. அதற்குப் பிறகு, யாரும் இல்லாதபோது நீங்கள் என்னைக் கூப்பிடும் அந்தப் பெயரை அடித்தேன். திரையில் வெறும் நட்சத்திரங்கள்தான் தெரிந்தன, லியோனார்டுக்கு ஒன்றும் தெரியாது. திறந்துகொண்டது.

என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ, "டீ சாப்ட்டு வரேன்கா" என்று எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்த நீலத் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

நீங்கள் மறந்திருக்கலாம் என்று உங்களுக்காக நானே ஒரு பதில் தயார் செய்தேன். அது நிற்கவில்லை. அன்று போனில் நான் கேட்டதும், அந்த முதல் திரைக்குள் யாராவது போனார்களா என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். மறந்தவருக்கு அந்தக் கேள்வி வராது.

லியோனார்ட் திரும்பி வந்து, இன்னொரு ஃபேன் வைத்து நான்கைந்து நாள் சோதித்தால் நானூற்று முப்பதில் நிற்க வைக்கலாம், வேண்டுமா என்று கேட்டார். நானூறே போதும் என்றேன். குறைத்து வைத்து மறுபடி சோதனைக்கு விட்டோம். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை, அந்த வெயில் முழுக்க, ஒரு சிவப்பு வரி விழவில்லை.

சாபிரா


5.6.2005

நவ்ரீனின் அத்தா அவர்களுக்கு.

உங்கள் போனுக்குப் பிறகு இரண்டு நாள் பேனா எடுக்கவில்லை.

கடையில் எடிட் செய்யும் கல்யாண வீடியோக்கள் சீக்கிரம் முடியட்டும் என்றுதான் வேகத்தை ஏற்றினேன், நான்கு நாள் சோதித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் நின்றது என்றீர்கள். நம்புகிறேன். சோதித்தது டிசம்பரில். பட்டியல் விஷயம் தெரிந்ததும் பயந்துவிட்டேன், ஊரெல்லாம் என்னைச் சொல்லும் என்று வாய் வரவில்லை என்றீர்கள். அதையும் நம்புகிறேன். இனி யாரிடமும் சொல்லாதே, கம்ப்யூட்டர் கோளாறு என்று மட்டும் சொல் என்றீர்கள். அதற்குள் சொல்லிவிட்டிருந்தேன்.

மே இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, எம்.கே.பி. நகருக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். பீம்ராவ் அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டார். மாயாவிடம் சிவப்பு மைத் தாளைக் காட்டி, கம்ப்யூட்டர் வேகத்தை ஏற்றி வைத்தது யார் என்பதையும் சொன்னேன். மன்னிப்பு கேட்டேன். அவள் தாளை வாங்கி ஒவ்வொரு சுழியாகப் பார்த்தாள். "பதினொண்ணுதானா, வேற இல்லன்னு நல்லாப் பாத்தியாக்கா?" என்று கேட்டாள். மறுநாள் வந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் மறுபடி அடித்தாள். சிவந்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாக வாசித்தாள்.

சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து, தப்பு எங்கள் கம்ப்யூட்டருடையது, அப்படி வைத்தது என் கணவர், மாயா அடித்த எண்கள் எல்லாம் சரியானவை என்று சொன்னேன். அன்று ஊரைக் கேட்டாரே, அவர் தலையைக் குனிந்துகொண்டார். திருத்திய பட்டியலை ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள். சிவந்தி பெயர் ஏறிவிட்டது. மற்ற பத்துப் பேருடையதும்.

மாயா திரும்ப வேலைக்கு வரமாட்டாள். எதிர் வரிசை சென்டருக்கும் போகவில்லை, வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் சேர்ந்திருக்கிறாள். சாவியைக் கையில் கொடுத்துப் பார்த்தேன். "உன் மேல கோவம் இல்லக்கா. பாய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று திருப்பி வைத்துவிட்டாள். அவளுக்கு உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். எனக்கு எழுதுவதற்கு முன்னால் அதை எழுதுங்கள்.

ஜூலை இருபதாம் தேதி வருகிறேன் என்றீர்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றீர்கள். நகல் ஒன்று அனுப்புங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அம்மா பக்கத்தில் இருந்தார்கள், கேட்கவில்லை. அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்று நினைத்து நேற்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நவ்ரீன் உங்கள் படத்தைப் பார்த்து அத்தா என்கிறாள். நீங்கள் சொன்ன தேதியில், சொன்னபடியே, அல்லாஹ் உங்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சாபிரா