விசாலிக்கு வந்த சீர்

அன்புள்ள உமாமகேஸ்வரிக்கு,

கிளமெண்டியிலிருந்து ஆனி இயேசுதாசன் எழுதுவது. நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. நீங்கள் நலமாக இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா? போன மாதம் நீங்கள் மகளைப் பார்க்க வரும் சந்திப்பு அறைக்கு வெளியே லிஃப்டில் பார்த்தபோது பாதியாக இளைத்திருந்தீர்கள்.

உங்கள் மகள் விசாலியை அரசாங்கம் என் வீட்டில் கொண்டுவந்து விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளில் நாம் இருவரும் பேசிக்கொண்டது அந்த லிஃப்டில் மட்டும்தான், அதுவும் எந்த மாடி என்று. நீங்கள் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிறீர்கள், இந்தச் சின்னச் சிங்கப்பூரில் ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் வளர்ப்புத் தாய் பெற்ற தாயின் கதவைத் தட்டக் கூடாது என்பது விதி. அதனால்தான் கடிதம். சமூக ஊழியர் பதுருன்னிசா இதைப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார். வழக்கைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். யார் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. விலாசம் எழுதவில்லை என்று தவறாக நினைக்காதீர்கள், அதுவும் விதிதான். கிளமெண்டி என்பதை விசாலி உங்களிடம் முதல் சந்திப்பிலேயே உளறிவிட்டாள், அதனால் அதை மறைத்துப் பயனில்லை.

முதலில் அவளைப் பற்றிச் சொல்கிறேன். விசாலி நன்றாக வளர்ந்துவிட்டாள். பள்ளிச் சீருடைப் பாவாடையைத் தையல் பிரித்து இரண்டு முறை இறக்கிவிட்டேன். இனி இறக்கத் துணி இல்லை. உயர்நிலைப் பள்ளி முதல் வகுப்பு, கணக்கில் நல்ல மதிப்பெண். தமிழில் கட்டுரை எழுதச் சொன்னால்தான் ஆசிரியருக்கு என் வீட்டுக்கு போன் போட வேண்டியிருக்கிறது. 'என் குடும்பம்' என்று தலைப்புக் கொடுத்தார்களாம், வெறும் தாளை நீட்டியிருக்கிறாள். நெத்திலி சம்பல் இருந்தால் சோற்றை அளவில்லாமல் சாப்பிடுவாள். என் கணவர் இயேசுதாசனின் வழுக்கையைக் கிண்டல் செய்வாள். "அங்கிள், நீங்க ஷாம்பு வாங்கறது வேஸ்ட் லா" என்று அவள் முதல் தடவை சொன்னபோது, அந்த மனிதர் கோபிக்காமல் என்னிடம் ஓடிவந்து, பிள்ளை ஜோக் அடித்தாள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு முன் மாதக்கணக்கில் அவள் ஆமாம், இல்லை தவிர எதுவும் பேசியதில்லை.

வந்த புதிதில் காலையில் குளித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பாள். என்னவென்று கேட்டுக் கேட்டு, விபூதி என்று பதில் வாங்க ஒரு வாரம் ஆயிற்று. நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வேதக்காரி. தேக்காவில் பூக்கடைப் பக்கம் போய் விபூதிப் பொட்டலம் கேட்டேன். கடைக்காரன் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, யாருக்கு ஆன்ட்டி என்றான். என் மகளுக்கு என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கடைக்காரனிடம் முழுக் கதையையும் சொல்ல முடியுமா?

அவள் பெரியவளான அன்று பள்ளியிலிருந்து வந்து கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டால் வரவில்லை. விஷயம் தெரிந்ததும், இது எல்லாப் பெண்களுக்கும் வருவது, உடம்பில் ஒரு கெடுதலும் இல்லை என்று சொன்னேன். அவள் கேட்ட கேள்வியை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். "இது அதனால வந்ததா ஆன்ட்டி?" என்று கேட்டாள். எதனால் என்று நான் கேட்கவில்லை. இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். பிறகு உளுந்தங்களி கிளறி, நல்லெண்ணெயை நடுவில் குழித்து ஊற்றிக் கொடுத்தேன். சிமெண்ட் மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் பதுருன்னிசா உங்களுக்குத் தகவல் சொன்னார். தாய்க்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று அவரை விரட்டியது நான்தான். அடுத்த சந்திப்பில் நீங்கள் தட்டோடு வந்தீர்கள். மாம்பழ நிறத்தில் பட்டுப் பாவாடை, கண்ணாடி வளையல், மல்லிகைச் சரம், லட்டு. யார் எடுத்தது என்று பதுருன்னிசா கேட்டதற்கு, நான்தான், பெற்றவள் எடுக்காமல் யார் எடுப்பார்கள் என்றீர்களாம். அன்று சாயங்காலம் என் வீட்டில் திருநாள்தான். விசாலி அதைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தாள். அம்மா எடுத்தது, அம்மாவுக்கு என் மேல் கோபம் இல்லை என்று சொல்லிச் சொல்லி நடந்தாள். தலை நிறைய பூ வைத்துவிட்டேன். இயேசுதாசன் படம் எடுத்தார். சிரித்த முகமாக இருக்கும் ஒரே படம் அதுதான்.

அதற்கு அடுத்த சந்திப்பன்று, எப்போதும் கூட உட்காரும் பதுருன்னிசாவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக உட்கார்ந்த சீனப் பெண் நல்லவர், பாவம், தமிழ் தெரியாது. தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று அவரும் மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் பேசியதை விசாலி மாடி பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். எப்போதும் மேல்தட்டுக்கு ஓடி முன் சீட்டைப் பிடிப்பவள், அன்று கீழேயே கதவோரம் உட்கார்ந்தாள். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "பாவாடை மாமா எடுத்ததாம். தேக்காவுல கடை கடையா ஏறி இறங்கினாராம். நான் இவ்ளோ பழி போட்டும் தாய்மாமன் சீரை விடலையாம். கட்டிக்கிட்டேன்ல, இனிமே வீட்டுக்கு வந்து மாமா கால்ல விழுந்தா அவரும் மன்னிச்சிடுவாராம், அம்மாவும் மன்னிச்சிடுவாங்களாம்." இதில் ஒரு வார்த்தை தவறாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், அவளைத் திட்ட வேண்டாம்.

உமா, எனக்கும் தாய்மாமன் சீர் வந்தது. நாங்கள் கோயிலுக்குப் பதில் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மாலை போட்ட மாமாவின் காலில் நானும் விழுந்தேன். சீரை வாங்கிக்கொண்டு காலில் விழாமல் இருந்தால் அந்தப் பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் அண்ணன் முத்துராமனுக்கும் அது நன்றாகவே தெரியும். அதனால்தான் பட்டுப் பாவாடையை உங்கள் கையில் கொடுத்து அனுப்பினார். அது உங்களுக்குப் புரியவில்லையா, அல்லது புரிந்தும் கொண்டுவந்தீர்களா என்று நினைத்து நினைத்து எனக்கு வெறி பிடிக்கிறது. இந்த வரியைப் பதுருன்னிசா அடித்துவிட்டால் அடிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாவாடையைச் சுருட்டி, அடுப்படிச் சுவரில் குப்பை போடும் குழாய் இருக்கிறதே, அதற்குள் திணித்தாள். பட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. துடைப்பக் கட்டையால் குத்திக் குத்தித் தள்ளினாள். பிறகு குளிக்கப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும், கீழே போய் அதை எடுத்து வரச் சொல்லி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா கேட்டால் என்ன சொல்வது, அம்மா கொடுத்ததை எறிந்துவிட்டேனே என்று. இயேசுதாசன் முழங்கால் வலியோடு இறங்கிப் போனார். குப்பை வண்டி வந்து எடுத்துப் போய்விட்டிருந்தது. வேறொன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "அது சீர் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். இரவு சாப்பிடவில்லை. படுக்கப் போகும் முன் என்னிடம் வந்து, "நான் அதைக் கட்டிக்கிட்டேனே ஆன்ட்டி, அப்போ நான் ஒத்துக்கிட்ட மாதிரியா?" என்றாள்.

நான் என்னென்னவோ சொன்னேன். துணி துணிதான், உன் மேல் ஒரு தப்பும் இல்லை, பெரியவர்கள் செய்ததற்கு நீ பொறுப்பில்லை என்றெல்லாம். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் அவை. மரியாதையாகத் தலையை ஆட்டினாள். நான் சொன்னால் அவளுக்கு ஏறாது உமா. அந்த வார்த்தைகளை நீங்கள் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள். நான் இந்த வயதில் ஒரு பிள்ளைக்குச் சோறு போடலாம், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்காரலாம். உங்கள் வாயால் வர வேண்டியதை என் வாயால் வரவழைக்க முடியவில்லை.

இப்போது அவளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அழுவதில்லை, கிண்டல் இல்லை. சொல்லாமலே வீட்டைத் துடைக்கிறாள், தட்டு கழுவுகிறாள், கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். நெத்திலி வறுத்தால் கூட, போதும் ஆன்ட்டி என்கிறாள். மற்றவர்கள் வீட்டில், எவ்வளவு நல்ல பிள்ளை என்று மெச்சுவார்கள்.

போன வாரம் அவளாகவே பதுருன்னிசாவுக்கு போன் செய்து, போலீஸ் அதிகாரியைப் பார்க்க வேண்டும், தான் முன்பு சொன்னது எல்லாம் பொய் என்று சொல்ல வேண்டும் எனக் கேட்டிருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை அழைத்துப் போகிறார்கள். பேச வேண்டும் என்கிற பிள்ளையைத் தடுக்க முடியாது, அதிகாரி அனுபவசாலி, அவருக்குப் புரியும் என்று பதுருன்னிசா என்னைத் தேற்றுகிறார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மறைத்து என்ன பயன்? இதற்கு முன் என் வீட்டில் வளர்ந்து போன பிள்ளைகளில் ஒருத்தி இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனாள். பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. உங்கள் கணவர் வெங்கட் கப்பல் பட்டறையில் இறந்தபோது, கைக்குழந்தையோடு நின்ற உங்களை அண்ணன்தான் சேர்த்துக்கொண்டார். அவர் வீடு, அவர் வாங்கித் தந்த வேலை, அவர் கட்டிய பள்ளிக் கட்டணம். அவர் உள்ளே போனால் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள்? ஊரில் இருக்கும் உங்கள் அப்பா, அண்ணனைக் காட்டிக் கொடுத்தால் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னதையும் கேள்விப்பட்டேன். தங்க இடம் பார்த்துத் தருகிறோம் என்று பதுருன்னிசா சொன்னதற்கு, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நீங்கள் எழுந்து போய்விட்டீர்களாம். அந்த வீட்டில் விசாலி இல்லாமல் படுத்துக்கொண்டு நீங்கள் என்ன யோசிப்பீர்கள் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். தெரிந்திருந்தும் தெரியாதது போல இருப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் விசாலி சொன்னதை ஒரு தடவையாவது உட்கார்ந்து முழுதாகக் கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் கேட்டதில்லை என்று அவள் சொல்கிறாள். பாதியிலேயே கையை ஓங்கினீர்களாம். பிறகு சமைக்கப் போய்விட்டீர்களாம்.

அதைக்கூட அவள் குறையாகச் சொல்லவில்லை, உங்களை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அம்மாவுக்கு முதுகு வலி, அம்மா ரெண்டு ஷிஃப்ட் பார்க்கிறாங்க, அம்மாவுக்கு யாரும் இல்லை. இதைத்தான் சொல்வாள். நான் உங்களைப் பற்றி ஒரு சொல் கடுமையாகச் சொன்னாலும் எழுந்து போய்விடுவாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முன், சனிக்கிழமை சந்திப்பு இருக்கிறது. இந்தத் தடவை பதுருன்னிசாவே உட்காருவார். நீங்கள் வராமல் இருந்துவிடுவீர்களோ என்று ஒரு பக்கம் பயம், வந்துவிடுவீர்களோ என்று இன்னொரு பக்கம் பயம். இரண்டையும் எழுதிவிட்டேன்.

வாருங்கள். உங்களைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்று, "சாரிம்மா, எல்லாம் என் தப்புதான்" என்று சொல்வாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பழகுகிறாள், என் காதால் கேட்டேன். குரலைத் தாழ்த்தி ஒரு தடவை, பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை. நீங்கள் அவளை நம்புகிறேன் என்று சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்று தெரியும். பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாலும் போதும். அவள் கையை உதறிவிட்டு எழுந்து போனால்கூட நான் எப்படியாவது அவளைத் தேற்றிக்கொள்வேன்.

ஆண்டவர் உங்களுக்குத் துணையாக இருக்கட்டும், உங்கள் சாமியும் இருக்கட்டும். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன் உமா. அவளை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்குச் சோறு போடுகிற
ஆனி