ஜர்வோ அள்ளிய சாணி

ஜூலை 6
கொப்பரையின் கீழே நீல நெருப்பு நன்றாகத்தான் எரிகிறது. நான்தான் பத்து தடவை எட்டிப் பார்த்துவிட்டேன். சோயாப் பாலைத் திரித்து டோஃபு வடித்த புளிப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பின்னால் உள்ள தொட்டிக்குப் போய், அங்கே வாயு ஊறுகிறது. அதில் எங்கள் பட்டறை அடுப்பும் பக்கத்து வீட்டு அடுப்புகளும் எரிகின்றன. விறகுப் புகையில் என் கண்ணும் நெஞ்சும் பட்ட பாடு போதும். ஆனால் என் வீட்டுக்காரர் ஜர்வோ, "ஆகஸ்ட் பதினேழு, சுதந்திர தினக் கொடியேத்துற வரைக்கும் பாக்குறேன். யோக்யா டவுன் ஹோட்டல்காரன் ஆர்டர் குடுத்தா சரி. இல்லேன்னா மறுநாளே விறகு லாரி வந்து நிக்கும். சொல்லி வச்சாச்சு" என்கிறார். சொன்னதை மாற்றுகிற ஆளும் இல்லை.

ஹோட்டலிலிருந்து ராத்ரி என்ற பெண் போனில் பேசினாள். "எங்களுக்குச் சரக்கு தர்றவங்க விடுற கார்பனும் எங்க கணக்குலதான் விழும், அக்கா. வியாழக்கிழமை வந்து பாக்குறேன்." எங்கள் புகை அவர்கள் கணக்கிலா! அவள் வரும்போது நெருப்பு எரிந்தால் போதும், கடவுளே.

ஜூலை 8
தரையெல்லாம் பாசி. விருந்தாளி வருகிற இடமா இது? பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டித் தேய்த்தேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது.

ஜூலை 9
நெருப்பு சிறுத்துக்கொண்டே வந்து அணைந்துவிட்டது. ஏன்? பக்கத்து வீட்டு சுமி ஓடிவந்தாள். "அக்கா, சோறு பாதி வேக்காட்டுல நிக்குது!"

அப்புறம்தான் உறைத்தது. கழுவின தண்ணீரும் அதே வாய்க்காலில்தானே போயிருக்கும்? வாயுவை ஊறவைக்கிற கிருமியெல்லாம் செத்திருக்கும். என்னையே திட்டிக்கொண்டேன்: அடிப் பாவி வெனிங்! சுத்தம் பண்றேன் சுத்தம் பண்றேன்னு நீயே கொன்னுட்டியே...

ஜூலை 10
ராத்ரி வந்தபோது பட்டறை முழுக்க விறகுப் புகை. ஊறின சோயாவைக் காய்ச்சாமல் விட முடியுமா? நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பொரித்த டோஃபுவை ரசித்துத் தின்றாள். புகைபோக்கியைப் படமும் எடுத்துக்கொண்டாள். "சொல்லி அனுப்புறோம், அக்கா."

ஜூலை 13
தொட்டியைக் காலி செய்து, புதுச் சாணி கரைத்து ஊற்ற வேண்டுமாம். ஜர்வோ வாளியைத் தூக்கிக்கொண்டு மாடு வைத்திருக்கிற வீடுகளுக்குப் போனார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூலை 30
குமிழி வருகிறது. வருகிறதா? ஜர்வோ தினமும் தொட்டிக்குப் போய்க் குனிந்து பார்க்கிறார். கேட்டால் முறைக்கிறார்.

ஆகஸ்ட் 12
நெருப்பு திரும்பிவிட்டது. ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. இரண்டும் ஒரே நாளில். அழுதுகொண்டே ஜர்வோவிடம் சொன்னேன். குனிந்து அடுப்பு நெருப்பைச் சரிசெய்தார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18
விறகு லாரி வந்துவிட்டது. வெளியே போகவே மனசில்லை. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணே இறக்கணும்?"

"யாருடா வரச் சொன்னா?"

"நீங்கதாண்ணே!"

"அது அப்போ. ஊர்ச் சாணியெல்லாம் அள்ளி அந்த நெருப்ப எழுப்புனவன் நானு. அத அணைச்சுட்டு உன் விறகை எரிக்கவா? வண்டியத் திருப்பு."

லாரி திரும்பிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே வந்தவர், "என்ன பாக்குற? பால் பொங்குது பாரு" என்று கத்தினார். சோயாப் பால் கொப்பரை வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.