சாமி வெளியே நின்ற காலை

அன்புள்ள அக்கா,

இதை எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். யாராவது பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாலே உங்களுக்குப் பொறுக்காது. "வாய் இருக்கப்ப எதுக்குத்தா இம்புட்டுத் தாளு?" என்பீர்கள். ஆனால் பேசுவது நீங்கள், எழுதுவது நான் என்பதுதானே, தகரக் கூரைகளுக்கு வெக்கை தடுக்கும் நுரை அடித்துத் தரும் நம் ஆபீஸில் ஏற்பாடு. நீங்கள் போன பிறகும் எனக்குக் கைவருவது அது ஒன்றுதான்.

இன்று காலை மின்விசிறியைப் போட்டதும் மேசைமேல் இருந்த நுரைக்கட்டி பறந்து தரையில் விழுந்தது. ஏதோ ஒரு ஷெட்டின் உத்திரத்தில் அதிகப்படியாகப் பொங்கி நின்றதைக் கத்தியால் சீவி எடுத்து வந்து, "இந்தா, உன் தாளு பறக்காம இருக்க இதத் தூக்கி வை" என்று கொடுத்தீர்களே, அதுதான். உள்ளங்கை அகலத்தில், வெளிர்மஞ்சளாக, பார்த்தால் ரொட்டித்துண்டு. அன்றும் தாளுக்கு முன்னால் அதுதான் பறந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பில், வாசலில் டிரம் இறக்கிக்கொண்டிருந்த மாரியண்ணன் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். இன்று அதைக் குனிந்து எடுத்து முகர்ந்து பார்த்தேன். காய்ந்த நுரையில் வாசனை ஏது?

எங்கள் வீட்டில் வேலைக்குக் கம்பெனி வேன் ஏறாமல் டவுன் பஸ் ஏறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குபவர்கள். பட்டப்படிப்பு இருந்தது, குரல்தான் இல்லை. வாடிக்கையாளரிடம் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "போன்ல பேசுறியா, இல்ல போனுக்கு ரகசியம் சொல்றியா?" என்று கேட்டீர்கள். அத்தோடு ரிசீவர் உங்கள் கைக்குப் போனது, கொட்டேஷன் என் கைக்கு வந்தது. அதில் எனக்கு நிம்மதிதான்.

டைரி பைண்டிங் ஷெட்டில் வேலை நடந்தபோது முதல்முறையாக உங்களோடு வந்தேன். சிவகாசிச் சித்திரை வெயில். தகரக் கூரைக்கு அடியில் பெண்கள் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தாள் மடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அண்ணாச்சியின் கவலை வேறு. மழைக்காலத்து விடியலில் தகரம் வியர்த்துச் சொட்டுகிறது, அச்சடித்த தாள் பாழாகிறது என்றார். "தாளும் நனையாது அண்ணாச்சி, ஆளும் வேகாது" என்றீர்கள். நீங்களே கல்யாணத்துக்கு முன் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆபீஸில் இருந்தவர். வெக்கை என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் ஷெட்டைக் காலி செய்யச் சொன்னீர்கள். தகரத்தின் தூசியையும் எண்ணெய்ப்பிசுக்கையும் துடைத்து, ஈரம் இல்லையென்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் ஸ்பிரே கன்னைத் தொட்டீர்கள். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தை மூடிய மாஸ்க், பின்னால் நீளமான ஹோஸைத் தாங்கிக்கொண்டு மாரியண்ணன். தள்ளி நின்ற பெண்களில் ஒருத்தி, "ஏத்தா, சந்திரனுக்குப் போறவுக மாதிரில்ல இருக்கீக!" என்று கத்தினாள். மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, "அங்கன போயி இறங்குனாலும் உங்க முதலாளி போனப் போட்டு, ஷீட்டு சொட்டுதும்பாரு" என்றீர்கள்.

இரண்டு டிரம்களில் இருந்து வந்த திரவங்கள் உங்கள் கையிலிருந்த கன்னின் முனையில்தான் ஒன்று சேர்ந்தன. தகரத்தில் பட்டபோது வெறும் ஈரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொங்கல் பானைபோலப் பொங்கி, கெட்டியாகி, அப்படியே ஒட்டிக்கொண்டது. நெளிநெளியாக இருந்த கூரை முழுதும் மேகம் கவிந்த மாதிரி ஆனது. வாசலுக்கு வெளியே நின்று வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்த காலையைப் பற்றி.

நுரைமேல் நெருப்புத் தாங்கும் பூச்சு இன்னும் ஏறவில்லை. அது வர வேண்டிய லோடு வழியில் நின்றுவிட்டது. அண்ணாச்சியோ நல்ல நேரம் பார்த்துவிட்டார். நாம் போய்ச் சேரும்போது ஷெட்டுக்குள் சாமி படம், மாலை, தட்டு நிறையச் சூடம். வாசற்படியில் அவர் மச்சான் கம்பெனிச் சரவெடி, சுருள் பிரித்துப் போட்டபடி கிடந்தது. நம் ஊரில் எந்தக் கதவைத்தான் வெடி போடாமல் திறக்கிறோம்!

நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் வாசலை மறித்து நின்றீர்கள்.

"அண்ணாச்சி, பூசைய வெளிய வச்சுக்கிடுங்க. மேல பூச்சு அடிக்கல."

"நல்ல நேரம் போகுதுத்தா. ஒரு கட்டி சூடம். அதுல என்ன ஆயிரப்போகுது?"

"உங்க மச்சான் கம்பெனியில வெடிமருந்து ரூமுக்குள்ள சூடம் கொளுத்துவாகளா?"

"அது மருந்துல்ல?"

"பூச்சு ஏறுற மட்டும் இதுவும் மருந்து ரூமுதான். பத்துனா அணைக்க முடியாது, புகையிலயே ஆளு போயிரும்."

அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது. "சாமியவே வெளிய போகச் சொல்லுதியளா?" என்றார். சொந்தபந்தமெல்லாம் நின்றது. நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள் அசையவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"இவுக எல்லாரும் இத்தன வருசம் தகரத்துக்குள்ள வெந்தாகள்ல. சாமி கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டும் அண்ணாச்சி."

பைண்டிங் பெண்கள் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு எல்லாரும். கடைசியில் அண்ணாச்சியும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் சாமிக்குச் சூடம் காட்டினார்கள், சரவெடி அதற்கும் அப்பால் வெடித்தது. அந்தக் கோபத்தில் மச்சானின் அட்டைப்பெட்டி குடோன் வேலை நமக்கு வராமல் போனதை நீங்கள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. "அந்தப் பொம்பளையாளுக சாயங்காலம் வேன் ஏறி வீடு சேந்தாகளா? போதும்" என்றீர்கள்.

அந்த ஷெட்டுக்கு இந்தக் கோடையில் போயிருந்தேன். யார் தலையிலும் ஈரத்துண்டு இல்லை. உங்களைக் கேட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்பதை அவர்களிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மாரியண்ணன்தான் சொன்னார். இப்போது கன்னும் அவர் கையில்தான். நன்றாகவே அடிக்கிறார். ஆனால் அவரும் என்னைப் போலத்தான், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

இன்று மதியம் ஒரு போன். வெம்பக்கோட்டை ரோட்டில் புதிய ஷெட், நேற்றுதான் நுரை அடித்து முடித்தோம். பூச்சு இனிமேல்தான். உரிமையாளர் வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் பேசினார். "நாளைக்கு நாள் நல்லாருக்கு மேடம். உள்ள சூடம் மட்டும் காட்டிக்கிடுறோம். வேலைக்கு வாறவுகளும் நாளைக்கே வாறாக." ‘கூடாது’ என்ற ஒரு சொல் என் தொண்டைவரை வந்தது. வாய் சொன்னதோ, "அக்காட்ட கேட்டுச் சொல்றேன்." நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. "சரி, கேட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அனுமதியெல்லாம் கேட்கவில்லை, உங்கள் பதில் எனக்குத் தெரியும். விடிந்ததும் மாரியண்ணனோடு போய் அந்த வாசலில் நிற்கப் போகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன். ஒதுங்க இந்த முறை உங்கள் முதுகு இருக்காது.

ஒன்றே ஒன்று தர வேண்டும் அக்கா. "சாமி கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டும்" என்ற அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்துவிடுங்கள். நாளை அதை, அக்கா சொன்னார்கள் என்று சொல்லாமல், நானே சொல்வதாகச் சொல்லிக்கொள்கிறேன்.