செட்டிங்ஸில் இருந்த டிக்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒலிப்பதிவுகளை வேறு வடிவக் கோப்புகளாக மாற்றும் எங்கள் மென்பொருள், கணினிச் செயலியின் எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி வேகமாக ஓடும். ஆனால் அதற்கு செட்டிங்ஸில் போய் டிக் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கோரில் ஊரும். அந்த டிக்கை நாமே போட்டு அனுப்பலாம் என்று இன்று மீட்டிங்கில் சொன்னேன். டீம் லீட் சதீஷ் சிரித்தார்.

"வேணும்னா அவங்களே போட்டுக்கட்டும் மேடம். ரெண்டு வருஷமா ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சா?"

அல்சூரில் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை ஒலிப்பதிவு செய்து, எங்கள் மென்பொருளில் மாற்றித் தரும் ஸ்டெல்லா டீச்சரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். அவருக்கும் பார்வை இல்லை.

"செட்டிங்ஸா? அந்தப் பக்கம் போனா, திரையில இருக்கறதைப் படிச்சுச் சொல்ற என் ஸ்கிரீன் ரீடர் வாயே தெறக்காது. ஒரு பாடத்தைப் போட்டுட்டா, அது மாறி முடியறதுக்குள்ள நான் சோறு வடிச்சு ரசமும் வெச்சுடுவேன். அடுத்த வாரம் பிள்ளைங்களுக்குப் பரீட்சை, பாதிப் பாடம் பாக்கி. உங்க சாஃப்ட்வேர் குணமே அதுதான்னு விட்டுட்டேன்மா."

சதீஷ் இப்போது சிரிக்கவில்லை. "போட்டுடலாம் மேடம்" என்றார்.

ஒரு கோரிலும் நான்கிலும் மாற்றிய கோப்புகளை நானே ஒப்பிட்டுவிட்டேன். ஒரு பைட்கூட வேறுபடவில்லை. நாளை வெளியீடு, அதில் எனக்குப் பயமில்லை.

அந்த செட்டிங்ஸ் பக்கத்தை எழுதியவள் நான். டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை. காலையில் அவரை அழைக்க வேண்டும்.