டீச்சர் தோண்டிய பள்ளம்

பள்ளம் தோண்டிய அன்றைக்கு இருந்தவர்கள்: பள்ளிக்கூடம் பெருக்குகிற மேரி, வாட்ச்மேன் இப்ராகிம் பாய், என் மருமகள் சுயம்புக்கனி, நான், மண்வெட்டியோடு நீங்கள். காலையில் உங்கள் மழைத்தோட்டத்தில் களை பிடுங்கினேன் டீச்சர். கையில் இன்னும் கோரைக்கிழங்கு வாசம். அதோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வளாகமெல்லாம் சிமெண்ட். மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் சுவர் ஓட்டை வழியாக எங்கள் சந்தில் இறங்கி, முதலில் என் வீட்டுக்குள்தான் வரும். ஒரு பக்கம் கை கால் விழுந்து பாயில் கிடந்த என் வீட்டுக்காரரை நனைய நனையத் தூக்குவோம். அதைப் பார்த்துவிட்டுத்தான், ஓரத்துச் சிமெண்டை உடைக்க வேண்டுமென்று பெரிய டீச்சரிடம் மல்லுக்கு நின்றீர்கள்.

பள்ளம் தோண்டி, அடியில் ஜல்லியும் மேலே மணலும் மண்ணும் போட்டு, கல்வாழையும் வெட்டிவேரும் வைத்தோம்; அதுதான் மழைத்தோட்டம். "மேடாக்கிடாதீங்க ஆச்சி. தண்ணி இங்கயே நின்னு மண்ணுக்குள்ள இறங்கணும்" என்றீர்கள்.

மழைக்கு முன் பள்ளத்தைக் கண்டால் இடிபாட்டுக் கல்லைக் கொட்டி மேடாக்குவதுதான் தாராவிப் பழக்கம். பெற்றோர் சங்கத் தலைவன் பால்துரை, ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து எல்லாவற்றையும் மூடிவிட்டான். "பிள்ளைங்க விழுந்துரும்லா? நல்லதுக்குத்தான செஞ்சேன்!"

நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு கல் பொறுக்க இறங்கினீர்கள். அவன் டீக் கிளாஸோடு நின்று, "எதுக்கு டீச்சர், மீனா வளக்கப் போறிய?" என்றான். நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"பல்லக் காட்டாதல, வந்து கல்லப் பொறுக்கு" என்றேன். வரவில்லை.

அந்த வருஷத்து அடைமழையில் பள்ளம் தளும்பி நின்றது. மறுநாள் மத்தியானம் கல்வாழை அடியில் வெறும் ஈரம்தான். என் வீட்டுக்காரர் நல்ல கையால் பாயைத் தடவித் தடவிப் பார்த்து, "காஞ்சி கெடக்கு புள்ள" என்றார். அவருக்கு அதுதான் கடைசி மழைக்காலம். காய்ந்த பாயில் கிடந்துதான் போனார். அதற்காக, விளக்கேற்றும்போது உங்களையும் நினைத்துத்தான் ஏற்றுகிறேன் டீச்சர்.

நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் மழைக்கு முன்னால் நானும் மேரியும் சேறு வாரிவிடுகிறோம். பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது.

அந்த அடைமழைக்கு மறுநாள் ஒருத்தன் என் வாசலில் வந்து நின்றான். காய்ந்த தரையைப் பார்த்தான். பக்கத்தில் நீங்கள் நிற்கும்போதே, "இந்த வருசம் மழ கம்மிதான் ஆச்சி" என்றான். நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். என்னால் முடியாது. எல்லோரையும் மன்னிப்பேன், அந்தப் பால்துரையைத் தவிர.